கொடைக்கானல் மேல்மலையில் ‘ஃபேமிலி டென்ட் கேம்ப்’ புக் பண்ணும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டென்ட்டில் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் ஓடும் வீடியோவைப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பும் முன் முழுசாகப் படியுங்கள். எங்களுக்குப் பணம் போனது ஒரு பக்கம். அன்று ராத்திரி அதே இடத்தில் உயிரே போயிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மதுரையில் இருந்து மூன்று குடும்பமாகப் போனோம். என் கணவர், அவருடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் என்று பெரியவர்கள் ஆறு, பிள்ளைகள் ஐந்து. அரையாண்டு விடுமுறை. கூடாரத்தில் படுக்க வேண்டும், கேம்ப் ஃபயர் போட வேண்டும், காலையில் மலை ஏற வேண்டும் என்று பிள்ளைகள் மாசக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விளம்பரத்தில் ஒரு ஏரிக்கரை, வரிசையாக மஞ்சள் டென்ட்டுகள், பக்கத்திலேயே ஜீப். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,800 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. ராத்திரிச் சாப்பாடு, பார்பெக்யூ, காலை டிபன், ஆஃப்-ரோடு ஜீப், டிரெக்கிங் எல்லாம் அதில் அடக்கம். போனில் நானே ஒவ்வொன்றாகக் கேட்டேன். “மேடம், நம்மகிட்ட ஃபேமிலி மட்டும்தான். பேச்சிலர்ஸ் எடுக்கவே மாட்டோம். லேடீஸுக்குத் தனி டாய்லெட், வெந்நீர், கனமான கம்பளி, எல்லாம் ரெடியா இருக்கும்” என்றார் போனை எடுத்தவர். அதையே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார். மொத்தம் 15,300. முன்பணம் 8,000-ஐ ஜிபே-யில் கட்டினோம். ரசீது கேட்டதற்கு “ஸ்கிரீன்ஷாட்டே ரசீதுதான் மேடம்” என்று பதில் வந்தது.

இடத்தின் லொகேஷனைக் கடைசி வரை அனுப்பவில்லை. கிளம்பிய அன்று, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது. அதுவும் கேம்ப் இருக்கும் இடம் இல்லை, ரோட்டோரம் ஒரு டீக்கடை. அங்கே கார்களை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு ஜீப் வந்து நின்றது. ஒரு ஜீப்புக்கு 2,500, இரண்டுக்கும் சேர்த்து 5,000 கொடுத்தால்தான் வண்டி எடுப்பேன் என்றார் டிரைவர். ஜீப் பேக்கேஜில் இருக்கிறதே என்றால், “அது காலைல சஃபாரிக்குண்ணே, இது பிக்கப்” என்றார். சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது, பனி இறங்குகிறது, பிள்ளைகள் பசி என்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தக் குடும்பமும் திரும்பிப் போகாது என்று தெரிந்துதான் அங்கே வைத்துக் கேட்கிறார்கள். இறங்கியதும் டென்ட்டைக் கண்ணில் காட்டும் முன்பே பாக்கி 7,300-ஐயும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏரி எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஏரியே இல்லை. விளம்பரத்தில் காட்டியது மன்னவனூர் ஏரி. அது வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம், பகலில் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எங்களைக் கொண்டுபோய் விட்டது அறுவடை முடிந்த ஒரு கேரட் தோட்டம். படிக்கட்டு மாதிரி வெட்டிய பாத்திகளில், ஈர மண்ணில், அழுகிய தழைகளுக்கு நடுவே டென்ட் அடித்திருந்தார்கள். ஒற்றைத் துணி டென்ட், மேலே போடும் மழை விரிப்பு கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கே உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்த்துச் சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஸ்லீப்பிங் பேக்கை விரித்தால் யாரோ தேய்த்த தலை எண்ணெய் வாடை, ஜிப் பாதியில் நின்றது. கம்பளி என்று சொன்னது மெல்லிய பருத்திப் போர்வை. முப்பது பேருக்கு மேல் இருந்த இடத்துக்குத் தகரம் அடித்த கழிப்பறை ஒன்றே ஒன்று. அதில் லைட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. வெளியே ஒரு டிரம்மில் ஐஸ் மாதிரி தண்ணீர். பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தரையில் படுப்பதோ குளிரோ எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அதற்குத் தயாராகத்தான் போனோம். ஆனால் எதைக் கேட்டாலும் “நேச்சரோட இருக்கணும்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் மேடம்” என்ற ஒரே பதில் வரும்போது கோபம் வராமல் என்ன செய்யும்? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடாமல் விடுவது எப்படி இயற்கை ஆகும்?

ஃபேமிலி மட்டும்தான் என்றார்களே, கீழ்ப் பாத்தியில் இளைஞர் கூட்டம் இரண்டு. பாட்டில்கள், ஸ்பீக்கர். ராத்திரி ஒரு மணி வரை ஓயவில்லை. சமைக்க வந்தவர்கள் பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள இருந்தது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர். யாரிடமும் போன் சிக்னல் இல்லை. முதலுதவிப் பெட்டி கேட்டால் அந்தப் பையன்களுக்கு என்னவென்றே தெரியவில்லை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். நடு ராத்திரியில் நண்பரின் நாலு வயது மகன் நடுங்கிக்கொண்டே அழுதான். இன்னொரு போர்வை கேட்டோம். ஒரு பையன் பார்பெக்யூ போட்ட மிச்சக் கரியை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தான். தணல் சிவப்பாகக் கனன்றது, புகையே இல்லை. “உள்ள வச்சுட்டு ஜிப்பை மூடிக்கங்கக்கா, கதகதன்னு இருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்போம்” என்றான். அவன் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களோடு வந்த நண்பரின் மனைவி நர்ஸ். சட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து வந்து அதைத் தூரமாக வைக்கச் சொன்னார். “வேற யாருக்குக் குடுத்தே தம்பி?” என்று கேட்டார். மேல் பாத்தியில் இரண்டு டென்ட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றான். ஓடிப்போய் எழுப்பினோம். ஒரு டென்ட்டில் உடனே எழுந்துவிட்டார்கள். இன்னொன்றில் ஒரு இளம் தம்பதி. கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லாமல் நாங்களே ஜிப்பைத் திறந்தோம். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததுமே வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றார். அவருடைய கணவருக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. இரண்டு பேரையும் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து காற்றோட்டமாக உட்கார வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்கள். விடிந்து முதல் ஜீப் வந்ததும் அவர்களைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். தூங்குகிறவர் அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார். புகை அடங்கிய தணல்தான் ரொம்ப ஆபத்து, புகை இல்லையே என்று நம்பி உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். ஜிப் மூடிய டென்ட், கதவடைத்த அறை, கண்ணாடி ஏற்றிய கார், எதற்குள்ளும் கரியடுப்பு கூடவே கூடாது. 2024 ஆகஸ்ட்டில் இதே கொடைக்கானலில், பார்பெக்யூ போட்ட அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் ஒரு கேம்ப்பில் வழக்கமாகத் தணல் சட்டி கொடுக்கிறார்கள் என்றால் அதை என்னவென்று சொல்வது?

மிச்ச ராத்திரியில் எல்லாப் போர்வையையும் பிள்ளைகளுக்குப் போர்த்தி ஒரே டென்ட்டில் நெருக்கமாகப் படுக்க வைத்துவிட்டு, பெரியவர்கள் வெளியே தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம்.

காலையில் டிரெக்கிங் என்று ஒருவர் வந்தார். முள்வேலியைத் தூக்கிப் பிடித்து, இப்படிப் போனால் சோலைக்காடு, நேற்றுக்கூட காட்டுமாடு நின்றது, போட்டோ எடுக்கலாம் என்றார். “ஃபாரஸ்ட் கார்டு யாராவது கேட்டா நம்ம சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க” என்றதும் என் கணவர் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்களே, அதில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதிமுறை கொண்டுவந்தது. காட்டில் நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். விலங்கு விஷயமும் விளையாட்டில்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், டென்ட்டில் தங்கப் போன ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

டீ கொண்டுவந்த நிலத்துக்காரரிடம் பேசியதில்தான் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று புரிந்தது. அறுவடை முடிந்த நிலத்தைச் சனி, ஞாயிறுக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறாராம். டென்ட் இன்னொருவருடையது. விளம்பரம் போட்டு நம்மிடம் பணம் வாங்குகிறவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எது கேட்டாலும் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். புக் பண்ணும்போது போனில் பேசியவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் நோ ரீஃபண்ட் என்றார், அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சில நாளில் அந்த இன்ஸ்டா பக்கம் வேறு பெயரில், அதே ஏரிப் படத்தோடு ஓடுகிறது. அதனால் பெயரைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

போவதென்று முடிவு செய்தால், முன்பணம் கட்டும் முன் கேம்ப் இடத்தில் நிற்கிற ஆளோடு வீடியோ கால் பேசுங்கள். சிக்னல் இல்லை என்று அவர் சொன்னால், ராத்திரி ஒரு அவசரம் என்றால் 108-ஐ எங்கே இருந்து கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். கேம்ப்பின் சரியான லொகேஷன், எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்கினார்கள் என்ற காகிதம், இரண்டும் கைக்கு வந்த பிறகு பணம் அனுப்புங்கள். ராத்திரி முழுக்கப் பொறுப்பான ஆள் யார் இருப்பார், வண்டி ஒன்று நிற்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கம்பளியை நீங்களே எடுத்துப் போங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், பணம் கட்டிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு இடமே காட்டாமல் மறைந்துவிட்டால் சைபர் கிரைம் எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடைக்கானலுக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். நாங்கள் 1915-ல் பதிவு செய்துவிட்டோம். மதுரை ஆணையத்தில் கொடுக்க மனுவும் தயாராகிறது. அந்தத் தம்பதியும் தங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு எங்களுடன் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.