ஹாங்காங்கில் 'அரசர் முத்திரை' போட்ட பீங்கான் தட்டு: வாங்கும் முன் படியுங்கள்

ஹாங்காங் ஹாலிவுட் சாலைப் பக்கம் பழைய பீங்கான் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். அங்கே ஒரு கடையில் 'ரோஸ் மெடாலியன்' (நடு வட்டமும் சுற்றிலும் கட்டங்களுமாகப் பூவும் மனிதர்களும் தீட்டிய சீன ஏற்றுமதிப் பீங்கான்) தட்டு ஒன்றை, சீனப் பேரரசர் சியான்லாங் காலத்தது (1736–1795) என்று அடித்துச் சொல்லி எனக்கு விற்றார்கள். அடியில் சிவப்பில் அவருடைய முத்திரையும் இருந்தது.

அறைக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், முத்திரைக்குக் கீழே ஒரு வட்டம் மட்டும் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கிறது. அதன் ஓரத்தில், தேய்த்ததில் தப்பிய ஆங்கில 'ஏ' எழுத்தின் ஒரு கால். 'சைனா' என்ற சொல்லின் கடைசி எழுத்து அது! எந்த நாட்டில் செய்தது என்று சரக்கில் எழுத வேண்டும் என 1891 முதல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அதன் பிறகு வந்த வழக்கம் இது.

ஓவியமும் அதையேதான் சொல்கிறது. நடுவில் வட்டம், சுற்றிலும் கட்டங்கள். ஒன்றில் மாடத்தில் மனிதர்கள், அடுத்ததில் பறவையும் பட்டாம்பூச்சியும் பியோனிப் பூவும். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னில் சுட்ட வெள்ளைத் தட்டுகளைக் கான்டனுக்கு, அதாவது இன்றைய குவாங்சோவுக்குக் கொண்டுவந்து, மேலே வண்ணம் தீட்டி மறுபடி சுட்டு மேல்நாடுகளுக்கு அனுப்பினார்கள். இந்தக் கட்ட அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருகியது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது.

முன்னோர்மேல் உள்ள மரியாதைக்காகப் பழைய அரசர் பெயரைப் பிற்காலக் கைவினைஞர்கள் போட்டதும் உண்டு. அதை மோசடி என்று சொல்லமாட்டேன். இருந்த எழுத்தை அழித்துவிட்டு எழுதுவது வேறு. 1900 வாக்கில் செய்தது என்று உள்ளதைச் சொல்லியிருந்தாலே அதற்குரிய விலை கொடுத்து ஆசையாக வாங்கியிருப்பேன். நூறு வருடம் தாண்டிய நல்ல கைவேலையைச் சுரண்டிக் கெடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரசீதைக் காட்டினார்கள். 'பழைய சீனத் தட்டு, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று மட்டும் இருந்தது. சியான்லாங் என்று வாயால் சொன்னதோடு சரி. பணம் வரவில்லை.

ஆகவே காலத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். தட்டைக் கவிழ்த்து, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க மினுமினுப்பு ஒரே சீராக ஓட வேண்டும். முத்திரையைச் சுற்றி மட்டும் மங்கினால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.