கைபேசியா, ஊர்க்காரரா, கால்போன போக்கா?

புதிய நகரத்துக்குப் போனவருக்கு அரை நாள் மிஞ்சுகிறது. சுற்றுலாக் கையேடுகளில் பெயர்கூட வராத ஒரு குடியிருப்புப் பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே காலாற நடந்துவர ஆசை. கைபேசி வரைபடத்தை நம்பிப் போவதா, அந்த இடத்தை அறிந்த ஒருவரோடு போவதா, கால்போன போக்கில் போவதா? மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற கட்டடம் நமக்காகக் காத்திருக்கும்; போய்ச் சேர்ந்தால் போதும். பேசப்படாத தெருவில் அப்படிக் காத்திருப்பது எதுவும் கிடையாது. மாடியில் துணி உலர்த்துபவர் கீழே நிற்பவரோடு பேசுவார். பள்ளி விட்டதும் பத்து நிமிடத்துக்குத் தெருவின் குரலே மாறும். பிறகு மறுபடி அமைதி. இவை நின்றவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையையும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது என்னை நிற்க விடுகிறதா?

கைபேசி விடுவதில்லை. அது தெருவைத் தூரமாகவும் நிமிடமாகவும் மாற்றிவிடுகிறது. குறுக்குவழியைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியம் தரும். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் உள்ள சந்தில் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். அதைச் சரிபார்ப்பதிலேயே கண் உள்ளங்கையில் கிடக்கும். கடைகளும் விமர்சனங்களும் நிறைந்த இடங்களை முன்னிறுத்தும் வரைபடங்களில் இத்தகைய பகுதி வெறும் சாம்பல் கட்டமாகத்தான் தெரியும் என்பது இன்னொரு குறை. 2004இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்த விஷயத்தில் பல இடங்களில் மேல்: படிக்கட்டு, ஒற்றையடிப் பாதை, இரு வீடுகளுக்கு நடுவே புகும் இடைவழி வரை அதில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் புறப்படுவதற்கு முன் பார்க்கும் வரைபடம் வேறு, நடக்கும்போது பார்க்கும் வரைபடம் வேறு. முன்னதை நான் ஒருபோதும் விடமாட்டேன். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களை மக்கள் மனத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச், 1960இல் ஐந்து கூறுகளைச் சொன்னார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். நடப்பவருக்கு இவற்றுள் மிகவும் பயன்படுவது விளிம்பு என்பேன். ரயில் பாதை, ஆறு, நீண்ட மதில், அகன்ற நெடுஞ்சாலை. இவை இரண்டு மூன்று பக்கம் அடைத்துவிட்டால் அந்தப் பகுதியின் ஊடாக வேறெங்கும் போக வழியில்லை; வேலையுள்ளவர் மட்டுமே உள்ளே வருவார். ஓர் இடம் ஏன் அமைதியாக இருக்கிறது, ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் பதில் அங்கேதான் கிடைக்கிறது. வரைபடத்தில் அதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்து, உடன் வரும் ஊர்க்காரர். நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ அமைப்பில், குடியிருப்பவர்களே வருகையாளர்களைக் கட்டணமின்றித் தங்கள் பகுதிகளுக்கு அழைத்துச் சென்றார்கள். நகரத் தெரு வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக டொராண்டோவில் 2007இல் தொடங்கிய ‘ஜேன்ஸ் வாக்’ நடைகளும் இந்த வகைதான். வாசற்படி ஏன் இவ்வளவு உயரம், எந்த வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்தினார்கள், அந்தக் கதவை ஏன் செங்கல் வைத்து அடைத்தார்கள் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. அங்கே வாழ்ந்தவர்தான் சொல்ல முடியும்.

குழுவாகப் போவதுதான் எனக்கு ஒவ்வாதது. காலடிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் தெருவில் பதினைந்து பேர் ஒரு ஜன்னலைப் பார்த்து நிற்பது, உள்ளே இருப்பவருக்குப் பெரிய தொந்தரவு. நாம் தேடி வந்த அமைதியை நாமே கலைக்கிறோம். ஒருமுறை பாதி திறந்த கதவு ஒன்றின் உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தைத்த துணிகள் நடைவழி முழுக்க அடுக்கியிருந்தன. நான் நிற்பதற்குள் குழு தெருமுனை திரும்பிவிட்டது, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்த நடையில் கேட்ட வரலாறு மறந்துவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும், தனியே நடக்கும் பெண்ணுக்கும், மொழி அறவே தெரியாதவருக்கும், பொழுது சாய்ந்தபின் புறப்படுபவருக்கும் துணை என்பது பாதுகாப்பு. அமைதியான தெருவும் ஆளரவமற்ற தெருவும் ஒன்றல்ல. தெருவின் மேல் கண்கள் இருக்க வேண்டும் என்று ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியது இங்கே நேரடியாகப் பயன்படும்: தெருவைப் பார்த்துத் திறந்த ஜன்னல், வாசலில் உட்கார்ந்திருப்பவர், விளையாடும் பிள்ளைகள் தென்பட்டால் தயங்காமல் போகலாம். வெற்று மதிலும் மூடிய ஷட்டருமே நீண்டால் தயங்காமல் திரும்பிவிடலாம்.

மூன்றாவதான கால்போன போக்குக்குத்தான் என் ஓட்டு. பிரெஞ்சுக்காரர் கீ தெபோர் 1956இல் இத்தகைய இலக்கற்ற நடையைப் பற்றி எழுதும்போது, தனியாகவும் போகலாம், இரண்டு மூன்று பேராகப் போவதே அதிகப் பலன் தரும் என்றார். என் அனுபவமும் அதுவே. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்கிறார். ஒருவர் காணாததை மற்றவர் காட்டுகிறார். சராசரி மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார் என்பார்கள். இந்த நடையில் எனக்கு 2 கிலோமீட்டர்கூடத் தேறுவதில்லை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு அரை நாள் சரியாக இருக்கும்.

இதன் குறை, நகர்ந்துவிட்டதாக எண்ணி ஒரே இடத்தைச் சுற்றுவது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் காடு ஒன்றில் வெயில் இருந்தபோது நேராக நடந்தவர்களைப்போல் மேகமூட்டத்தில் நடந்தவர்களால் நடக்க முடியவில்லை. அவர்கள் தம்மை அறியாமல் வளைந்து, தாம் கடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். வளைந்து வளைந்து போகும் சந்துகளில் நமக்கும் இதே கதி. மருந்து எளிது: வரைபடத்தில் பார்த்துவைத்த விளிம்பு ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ரயில் பாதை மேற்கே என்றால், மாலை வெயிலை நோக்கி நடந்தால் அதைத் தொட்டுவிடலாம். இது ஒன்று தெரிந்தால் போதும், கைபேசியைப் பையில் போட்டுவிடலாம்.

ஒரு மணி நேரமே இருப்பவருக்கும், முதியவர்களை அழைத்துப் போகிறவருக்கும் கைபேசியே பொருத்தம். படிக்கட்டையும் கழிப்பறையையும் முன்னரே தெரிந்துகொள்ளலாம். மற்றவர்கள் முதல்முறை வழிகாட்டி இல்லாமல் போங்கள். கேள்விகள் சேர்ந்தபின் இரண்டாம் முறை ஊர்க்காரரோடு போங்கள். அப்போது அவர் சொல்வது நீங்கள் பார்த்த கதவோடும் படியோடும் ஒட்டிக்கொள்ளும். அறைக்குத் திரும்பியதும் வரைபடத்தைத் திறந்து, நடந்த தெருக்களை விரலால் தேடிப் பாருங்கள். விட்டுப்போனவை அங்கே தெரியும். மறுநாள், மாலையில் பார்த்த தெருவுக்குள் காலையில் நுழைந்து, அந்த விட்டுப்போன திருப்பத்திலிருந்து தொடங்கலாம்.