கடலூர் காற்றில் பெண்கள் கிராஸ் கன்ட்ரி: ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

பெண்கள் கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிள் போட்டிகளுக்காகக் கடலூரில் பயிற்சி எடுக்கும் எனக்கு, சென்ற ஆண்டு ஒரே ஒரு சைக்கிள் வாங்கத்தான் பணம் சேர்ந்திருந்தது. முன்பக்க ஃபோர்க் மட்டும் அதிர்வைத் தாங்கும் ஹார்ட்டெயிலை வாங்குவதா, பின்சக்கரத்துக்கும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷனை வாங்குவதா என்று நான்கு மாதம் யோசித்து, கடைசியில் ஹார்ட்டெயிலையே வாங்கினேன். அதற்கு முன் தோழி ஒருத்தியின் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை இரவலாக வாங்கி மூன்று மாதம் ஓட்டியிருந்தேன். அந்த வகையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த மூன்று மாத அனுபவத்தின் அளவுக்குத்தான் செல்லும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒத்த தரத்தில் ஹார்ட்டெயிலின் எடை ஏறத்தாழ ஒரு கிலோவோ அதற்குச் சற்று மேலோ குறையும், விலையும் குறையும். ஃபுல் சஸ்பென்ஷனில் இறக்கம் பயமின்றி அமையும். இடுப்பும் முதுகும் அவ்வளவு சீக்கிரம் சோர்வதில்லை.

உலக அரங்கில் இன்று பெரும்பாலான வீராங்கனைகள் ஃபுல் சஸ்பென்ஷனில்தான் ஓட்டுகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இத்தாலியின் பாவோலா பெட்ஸோ இந்தப் பிரிவின் முதல் தங்கத்தை வென்ற காலத்துப் பாதைகள் வேறு, இன்று செயற்கையாகப் பாறை அடுக்கி, வேர்களுக்கு நடுவே வளைத்து அமைக்கும் பாதைகள் வேறு. செக் நாட்டின் நோவே மெஸ்டோவில் வேர்கள் பின்னிக் கிடக்கும் ஏற்றத்தில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் சொகுசு அன்று, அதுவே வேகம். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய போட்டியில் 4 முதல் 6 கிலோமீட்டர் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்களுக்குச் சோர்வு குறைவது கடைசிச் சுற்றில் பெரிய ஆதாயம். அப்படிப்பட்ட பாதையில் நான் ஓட்டியதில்லை என்பதால், அங்கே ஹார்ட்டெயில் போதும் என்று வாதாட மாட்டேன்.

ஆனால் என் பயிற்சி கேப்பர் மலையின் செம்மண்ணிலும், முந்திரித் தோப்புகளின் சருகுப் பாதையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளிலும் நடக்கிறது. இங்கே பெரிய பாறைகள் இல்லை; குறுகிய, செங்குத்தான ஏற்றங்களும், மழைநீர் அறுத்த வெட்டுகளும், காய்ந்த பிறகு சறுக்கும் சரளையும்தான் உண்டு. 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் காற்றைக் குறைத்து வைத்தால், 49 கிலோ எடையுள்ள எனக்குப் பின்பக்க அதிர்வில் கணிசமான பகுதியை டயரே வாங்கிக்கொள்கிறது. இரவல் சைக்கிளின் ஷாக்கோ என் எடைக்கு ஒத்துவரவில்லை. என் எடைக்கேற்ப அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை மிகவும் குறைக்க வேண்டியிருந்தது; அதனால், அமுங்கிய பின் அது மேலெழும் வேகத்தைக் கூட்டும் திருகை முழுதும் திறந்த பிறகும் மந்தமாகவே எழுந்தது. எடை குறைந்த பெண்கள் வாங்குவதற்கு முன் இதை அவசியம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. வாசல் கதவின் கீலே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை துருப்பிடிக்கும் ஊர் இது. ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பாகம் அசைவதற்காக ஃபிரேமின் மூட்டுகளில் சிறு பேரிங்குகள் இருக்கின்றன. இரவல் சைக்கிளில் எட்டு இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து வைத்தும், தை மாதம் பெடல் மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சென்ற ஒலி வரத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது செம்மண் குழம்பும் உப்பும் சேர்ந்து மூன்று பேரிங்குகளைத் துருவேற்றி இறுக்கியிருந்தன. அவற்றை ஃபிரேமுக்குச் சேதமில்லாமல் எடுக்கத் தனிக் கருவி வேண்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் கைத்திறன் மிக்கவர் என்றாலும் அந்தக் கருவி அவரிடம் இல்லை. ஷாக்கின் சீல் மாற்றச் சென்னைக்கு அனுப்பியது திரும்பிவர 23 நாள் ஆயிற்று, அந்த 23 நாளும் எனக்குப் பயிற்சி இல்லை.

ஹார்ட்டெயிலுக்கும் பராமரிப்பு உண்டு. ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று சில தயாரிப்பாளர்கள் கெடு வைக்கிறார்கள். அந்த வேலையை நான் கற்றுக்கொண்டேன். வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைக்குள் முடிந்துவிடுகிறது.

போட்டி விதியும் இந்தக் கவலையைக் கூட்டுகிறது. ஒலிம்பிக் வகைக் கிராஸ் கன்ட்ரியில் நடுவே சைக்கிளை மாற்ற முடியாது. பிறர் உதவியும் மாற்றுச் சக்கரமும் அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே கிடைக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போலின் ஃபெரான்-பிரெவோ தங்கம் வென்ற அதே போட்டியில், இரண்டாம் இடத்தில் இருந்த நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸே டயர் பஞ்சராகி நான்காம் இடத்தில் முடித்தார். பின்னால் ஓர் அணியும் மெக்கானிக்கும் இருப்பவருக்கே அந்த நிலை என்றால், தனியாகப் போய் நிற்கும் நான் கழற்றிப் பார்க்க முடியாத ஒரு மூட்டை நம்பித் தொடக்கக் கோட்டில் நிற்க விரும்பவில்லை.

கோயம்புத்தூர், பெங்களூரு போலக் கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கும், ஷாக்கைப் பிரித்து வேலை செய்யும் கடை பக்கத்தில் உள்ளவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. வேர்களும் பாறைகளும் நிறைந்த பாதையில் போட்டி என்று உறுதியானால், நானும் அதற்கு ஒரு மாதம் முன்பு தோழியின் சைக்கிளைத்தான் மறுபடி கேட்பேன். அதற்காகவே அந்த எட்டுப் பேரிங்குகளையும் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.