படம் எடுத்த பிறகுதான் பூ: திருகோணமலையில் ஒரு பூங்கொத்து வந்து சேர்ந்த கதை

கனடாவிலிருந்து திருகோணமலைக்குப் பூங்கொத்து அனுப்புவது எங்கள் குடும்பத்தில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. பிறந்தநாள், மணிவிழா, பேரப்பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி என்று ஏதாவது வந்தால், யாராவது ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு கடையின் படங்களைப் புரட்டி, சிவப்பு ரோசாக்கள் நிறைந்த ஒன்றைத் தெரிவுசெய்து, வங்கி அட்டையில் காசைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார். காலையில் எழும்பும்போது, பூங்கொத்தை ஏந்தியபடி உறவினர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இதுவரை நாங்கள் எல்லோரும் இந்தச் சேவைக்கு நற்சான்று வழங்கிவந்தோம். இந்த ஓகஸ்ட் மாதம் பெரியம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தம்பி ரொறொன்ரோவிலிருந்து அனுப்பிய பூங்கொத்து உவர்மலை வீட்டுக்கு வந்தபோது, நான் அந்த வீட்டின் விறாந்தையில் இருந்தேன்.

முதலில் வந்தது தொலைபேசி அழைப்பு. முன்கூட்டி எதுவும் தெரியக்கூடாது என்று தம்பி எவ்வளவோ எழுதிக் கொடுத்திருந்தும், காலையிலேயே கடையிலிருந்து பெரியம்மாவை அழைத்து, "அம்மா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வருது, வீடு எந்தக் கோயிலடி?" என்று கேட்டுவிட்டார்கள். இலக்கம், ஒழுங்கை, வீதி எல்லாம் முகவரியில் சரியாகவே இருந்தன. ஆனால் நம் ஊரில் அவை தபால்காரருக்கு உரியவை. மற்ற எவருக்கும் கோயிலையும் அரசமரத்தையும் சொல்லித்தான் வழி காட்டவேண்டும். இதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது.

நண்பகல் பன்னிரண்டு மணியளவில் ஓட்டோ வந்து படலையடியில் நின்றது. கச்சான் காற்று அனலாக வீசும் காலம். நிழலிலேயே வெப்பம் 35 பாகையைத் தொட்டிருக்கும். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி பூங்கொத்துடன் இறங்கினார். உண்மையைச் சொல்லவேண்டும்: அந்த நேரத்தில் அது அழகாகவே இருந்தது. சிவப்பு ரோசாக்கள் தலைநிமிர்ந்து நின்றன. இடையிடையே வெள்ளைப் பொடிப்பூக்கள், சுற்றிலும் பளபளக்கும் கண்ணாடித்தாள், நாடா, அதன்மேல் இதய வடிவில் ஒரு பலூன். பெரியம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தத் தம்பி பூங்கொத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அம்மா, முதல்ல ஒரு படம் எடுக்கவேணும். படம் அனுப்பினாப் பிறகுதான் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"இந்தச் சோட்டியோடயா?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எண்பது வயதுப் பெண்மணி, கடல்கடந்து போகும் படம் ஒன்றுக்கு வீட்டுச் சோட்டியுடன் நிற்கமாட்டார் என்பது எவருக்கும் விளங்கும். சேலை தெரிவுசெய்யப்பட்டது, அதற்குப் பொருத்தமான சட்டை தேடப்பட்டது, கொண்டை அவிழ்த்து மறுபடி முடியப்பட்டது, சங்கிலியை எடுக்க அலுமாரியைத் திறக்கவேண்டியிருந்தது, அலுமாரியின் திறப்போ வழக்கமாக வைக்கும் இடத்தில் இல்லை. இவையெல்லாம் உள்ளே நடந்துகொண்டிருக்க, வெளியே நான் அந்தத் தம்பியிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். பூவை என்னிடம் தாருங்கள், தண்ணீரில் வைக்கிறேன், அவர் வெளிக்கிட்டு வந்ததும் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். அவர் மிகவும் மரியாதையாக மறுத்தார். "அக்கா, கட்டு அவிழ்ந்தா படத்தில வடிவா இருக்காது" என்றார். பிறகு, வெயில் படக்கூடாது என்ற நல்லெண்ணத்துடன், பூங்கொத்தைக் கொண்டுபோய் ஓட்டோவின் பின்னிருக்கையில் வைத்தார். அங்கே வங்கி ஒன்றின் பிரியாவிடைக்குப் போகவேண்டிய இன்னொரு பூங்கொத்து ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. ஓட்டோவின் கறுப்புக் கூரைக்குக் கீழே, காற்றுப் புகாத கண்ணாடித்தாளுக்குள், நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவதுபோல இரண்டும் அவிந்துகொண்டிருந்தன.

அவரை வெயிலில் நிறுத்திவைக்க மனமில்லாமல் உள்ளே அழைத்துத் தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்தேன். கனடாவில் பொருள் கொண்டுவருபவரின் முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பதே நினைவில்லை. அவர் பெட்டியை வாசற்படியில் வைப்பார், கதவையும் பெட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுப்பார், மணியைக்கூட அடிக்காமல் போய்விடுவார். அங்கே சான்றுக்கு ஒரு கதவு போதும். இங்கே முகம் வேண்டும், அதுவும் சிரித்த முகம். இரண்டில் எது மனிதத்தனமானது என்று கேட்டால் தயங்காமல் இங்குள்ளதையே சொல்வேன். ஆனால் அந்த மனிதத்தனத்துக்கான விலையை ரோசாக்கள் செலுத்திக்கொண்டிருந்தபோது எனக்குத் தத்துவம் பேசும் நிலை இருக்கவில்லை.

பெரியம்மா வெளியே வந்தார். படப்பிடிப்பு தொடங்கியது. பூங்கொத்தை இன்னும் உயர்த்துங்கள், பலூன் முகத்தை மறைக்கிறது, இந்தப் பக்கம் திரும்புங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்று அந்தத் தம்பி சொல்லச் சொல்ல, நகரத்தில் பாதிப்பேரை வாங்கில் ஏற்றி நிறுத்திய ஆசிரியை மறுபேச்சின்றிக் கீழ்ப்படிந்தார். படம் உடனே அனுப்பப்பட்டது. ரொறொன்ரோவில் அப்போது அதிகாலை மூன்று மணி. தம்பி நல்ல நித்திரையில் இருந்திருப்பான். அவன் எழும்பும்வரை குறைந்தது மூன்று நான்கு மணிநேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் பூவைத் தண்ணீரில் வைத்திருந்து, பின்னேரம் ஆறுதலாகப் படம் எடுத்திருந்தாலும் அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திராது.

கட்டை அவிழ்த்தபோது நிலைமை தெரிந்தது. தண்டுகளின் அடியில் பொலித்தீனால் சுற்றியிருந்த ஈரப்பஞ்சு காய்ந்துவிட்டது. வெளியிதழ்கள் விளிம்பில் கருகியிருந்தன. ரோசாக்களின் கழுத்துகள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்கின. தண்டுக்குள் காற்று அடைத்து நீர் மேலே ஏறாதபோது நிகழ்வது அது. தண்டுகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே சாய்வாக வெட்டி, கழுத்தளவு நீரில் இருட்டறையில் வைத்தால் சில மீளும். அப்படியே செய்தேன். சில மீண்டன. மறுநாள் காலை அவையும் இதழ் உதிர்த்தன. ஐம்பது கனேடிய டொலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கிய ரோசா ஓர் இரவுதான் தாங்கியது.

ரொறொன்ரோவில் பேரங்காடியில் மரக்கறியுடன் சேர்த்து வாங்கும் ரோசா ஒரு வாரம் நிற்கும். அந்த ரோசா பெரும்பாலும் கொலம்பியாவிலிருந்தோ எக்குவடோரிலிருந்தோ ஒரு கண்டத்தைக் கடந்து வருவது. திருகோணமலைக்கு வரும் ரோசா 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாப் பக்கத்திலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக ஒரே இரவில் வந்துவிடக்கூடியது. ஆகவே தூரத்தைக் குறைசொல்ல முடியாது. அங்கே வெட்டிய கணம் முதல் கடைத்தட்டுக்கு வரும்வரை பூ உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் பயணிக்கிறது. இங்கே மலையடிவாரத்துடன் குளிர் முடிந்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து, கோபம் ஆறாமலே, அந்தக் கடைக்குப் போனேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நியாயமாகவும் இராது, ஏனென்றால் மற்றக் கடைகளிலும் நடைமுறை இதுதான் என்று பிறகு அறிந்தேன். கடையை நடத்தும் அம்மா என்னை இருத்திப் பொறுமையாகவே விளக்கினார். வெளிநாட்டிலிருந்து காசு கட்டுபவர்களில் சிலர், படம் வராவிட்டால் பூவே போகவில்லை என்று வங்கியில் முறையிட்டுக் காசைத் திருப்பி எடுத்துவிடுகிறார்களாம். பூவைக் கையில் வாங்கிய பிறகு, படம் வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீடுகளும் உண்டாம். அப்படிப் போன பூவின் விலை ஓட்டோத் தம்பியின் கூலியில் கழியும். இதைக் கேட்டபின் அந்தத் தம்பி பூங்கொத்தை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது விளங்கியது. கூலியில் கழிக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை, அதை அவரிடமே சொன்னேன்.

ரோசாவை இந்த மாதத்தில் விற்க அவருக்கே விருப்பமில்லையாம். வாளித் தண்ணீரும் குளிரூட்டிய ஒரு சிறு அறையும்தான் அவரிடம் உண்டு. மின்கட்டணத்தைக் கேட்டால் அந்த அறையைக்கூட மூடிவிடத் தோன்றும் என்றார். ஓர்க்கிட், அந்தூரியம் இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள். குளிரூட்டத் தேவையில்லை, இரண்டு வாரம்வரை நிற்கும். செவ்வந்தியும் ரோசாவைவிட நன்றாகத் தாங்கும். "ஆனா கேக்கிறவங்க சிவப்பு ரோசாதானே கேக்கிறாங்க" என்றார். கடையின் படத்தொகுப்பில் முதலில் நிற்பவையும் சிவப்பு ரோசாக்கள்தானே என்றேன். சிரித்துவிட்டு, கிண்ணியாவுக்கும் மூதூருக்கும்கூட இப்போது பூ அனுப்புவதாகப் பேச்சை மாற்றினார். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறவேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் ஓட்டோவே நேரே போகிறது. பூங்கொத்துக்காக ஒருவர் கடலைக் கடப்பார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அன்று பூ எங்கள் கைக்கு வந்த விதம் வேறு. பிறந்தநாள் என்றால் விடியுமுன் எழும்பி, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வதுதான் வழக்கம். சொந்த முற்றத்தில் பறித்ததைவிட அயல்வீட்டு வேலியால் எட்டிப் பறித்ததே கூடையில் அதிகம் இருக்கும். அயல்வீட்டாரும் அதைத் தெரிந்துகொண்டே நித்திரை கொள்வதாகப் பாவனை செய்வார்கள். பூ சாமிக்கு, தலைக்கு, கடைசியில் சவத்துக்கு. பூச்செண்டு என்ற ஒன்றைப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினரின் கையில் மட்டுமே கண்டிருக்கிறோம், அவரும் அதை உடனே மேசையில் வைத்துவிடுவார். அந்தக் காலமே மேல் என்று நான் சொல்ல வரவில்லை. எண்பது வயதில் ஒருவருக்கு அவர் பெயர் எழுதிய பூ வீடு தேடி வருவது நல்ல விடயம்தான், அது உயிருடன் வந்தால்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலங்கையில் 2023 அக்டோபர் 1 முதல் பிளாஸ்திக் மாலைகளுக்குத் தடை இருக்கிறது. விழாக்களில் நல்ல பூமாலையைப் பார்க்க முடிவது அதன் பலனாகவும் இருக்கலாம். ஆனால் பூங்கொத்தின் கண்ணாடித்தாளும் நாடாவும் பலூனும் எந்தத் தடைக்கும் அகப்படாமல் வந்துகொண்டிருக்கின்றன. அன்று நான் அவிழ்த்த பொதியில் பூவைவிடப் பொலித்தீனே அதிக இடம் பிடித்தது. கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் இறங்கும் புள்ளிமான்கள் குப்பையில் எதை மெல்லுகின்றன என்பதைக் கண்டவர்கள், அந்தப் பளபளப்பை விரும்பிக் கேட்கமாட்டார்கள்.

ஆகவே அனுப்ப நினைப்பவர்களுக்குச் சொல்வது: கச்சான் காலத்தில் ரோசா வேண்டாம், ஓர்க்கிட்டோ அந்தூரியமோ கேளுங்கள். கண்ணாடித்தாளைத் தவிர்த்து, தண்டுகளை நீருள்ள குவளையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். பூவை முதலில் கொடுக்கலாம், படத்தை வீட்டார் பிறகு அனுப்புவார்கள் என்று கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்த அம்மா என்னிடம் உறுதியாகச் சொன்னார். வெயில் ஏறுமுன் கொண்டுபோகவும் சம்மதிப்பதாகச் சொன்னார்.

இவற்றையெல்லாம் விரிவாகத் தம்பிக்கு எழுதினேன். படத்தில் நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. பெரியம்மாவிடம் முறையிட்டேன். அவரோ அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரும்படி என்னையே கேட்டார். அடுத்த வருடம் அனுப்புவதென்றால், தான் கோயிலால் வந்து சேலை மாற்றுமுன், காலை ஏழரைக்குள் அனுப்பும்படி தம்பியிடம் சொல்லவும் சொன்னார்.