டிக்கிக்குள் தண்ணீர்: சிலிக்கானா, பாலியூரித்தேனா, பியூட்டைலா?

ஸ்டெப்னி டயருக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால், தண்ணீர் நுழைந்த இடம் பெரும்பாலும் அதுவாக இருக்காது. டிக்கியில் மிகத் தாழ்வான பள்ளம் அது என்பதால் எங்கே ஒழுகினாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். நுழைவாய் பின்விளக்கின் இருக்கையாகவோ, கூரையும் பக்கத் தகடும் சேரும் இணைப்பாகவோ, பம்பருக்குப் பின்னால் உட்காற்றை வெளியேற்றும் காற்றுப்போக்கியாகவோ, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்காகவோ இருக்கலாம். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர்ந்திருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து கீழ்ப்பகுதியில் தொடங்கி மெல்ல மேல்நோக்கிக் குழாய்நீரைக் காட்டினால் இடம் தெரிந்துவிடும். அது தெரியாமல் பசை வாங்குவது வீண்செலவு.

எல்லோர் கையிலும் முதலில் அகப்படுவது சிலிக்கான். அதில் இரண்டு வகை உண்டு. காயும்போது வினிகர் வாடை வீசும் வகை அசெட்டிக் அமிலத்தை வெளியிடுவதால், பெயின்ட் உரிந்த இரும்புத் தகட்டின்மீது அதைத் தடவுவது துருவுக்கு நாமே விருந்து வைப்பதாகும். நியூட்ரல் எனப்படும் மற்ற வகையில் இந்தக் கேடு இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான வேறொரு குறை உண்டு. சிலிக்கானின்மேல் பெயின்ட் பிடிக்காது. பின்னாளில் அதைச் சுரண்டி எடுத்தாலும் எஞ்சும் மெல்லிய படலத்தின்மேல் வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. பின்விளக்கைச் சுற்றி நான் ஒருமுறை சிலிக்கான் இழுத்துவிட்டு, பல்பு மாற்ற வேண்டிய நாளில் அதைச் சுரண்டுவதிலேயே ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். அதன்பிறகு இது கண்ணாடிக்கும் குளியலறைக்கும் உரிய பொருள் என்றே கருதுகிறேன்.

பாலியூரித்தேன், முன்கண்ணாடியை வண்டியோடு ஒட்டப் பயன்படும் பசை வகையைச் சேர்ந்தது. ஒட்டும் வலிமையில் இதை மிஞ்சுவது கடினம். நெகிழும், பெயின்டும் ஏற்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகுவதால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். இதில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் மூச்சுக்கும் தோலுக்கும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. தலையை டிக்கிக்குள் நுழைத்துக்கொண்டு வேலை செய்பவர் கதவுகளைத் திறந்துவைத்து, கையுறை அணிந்தே தொட வேண்டும். வெயில் நேராகப் படும் இடத்தில் பெயின்ட் பூசாமல் விட்டால் நாளடைவில் வெளிறி வெடிக்கும்.

எம்.எஸ். பாலிமர் எனப்படும் கலப்பினப் பசையில் ஐசோசயனேட் இல்லை, வெயிலைத் தாங்கும், பெயின்டும் பிடிக்கும். ஒட்டும் வலிமையில் பாலியூரித்தேனைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்றாலும், தகட்டு இணைப்பில் தண்ணீரைத் தடுப்பதற்கு அந்தக் கூடுதல் வலிமை தேவையே இல்லை. விலை சிலிக்கானைவிட அதிகம்தான். இருந்தும் பற்றவைத்த தகடுகளின் இணைப்புக்கு என் தேர்வு இதுவே. இணைப்பில் தெரிவது மயிரிழை விரிசல் மட்டுமே என்றால், தானாக ஊர்ந்து உள்ளே இறங்கும் நீர்மவகைப் பசையை முதலில் முயன்று பார்க்கலாம்.

பின்விளக்கின் கதை முற்றிலும் வேறு. அது என்றாவது கழற்றப்பட வேண்டிய பாகம் என்பதால், இங்கே வலிமையே குற்றமாகிவிடுகிறது. விளக்குக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள அடைப்பான பழைய கேஸ்கெட் நசுங்கித் தட்டையாகியிருந்தால் புதியதைப் போடுவதே முறை. அது கிடைக்காதபோது பியூட்டைல் நாடா. என்றும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் இந்த நாடா, விளக்கின் திருகுகள் அழுத்தும் அழுத்தத்தில் இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும். சற்றுச் சூடுகாட்டினால் விளக்கோடு இழுபட்டு வந்துவிடும். அழுத்தம் இல்லாத திறந்த இணைப்பில் இதை ஒட்டுவதால் பயனில்லை.

பீடிங் ரப்பருக்கு எந்தப் பசையும் வேண்டாம். அழுக்கைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவிப் பார்க்க வேண்டும்; ரப்பர் கிழிந்திருந்தாலோ அமுங்கிப் போயிருந்தாலோ மாற்ற வேண்டும். காற்றுப்போக்கியின் மடல்களை ஒருபோதும் ஒட்டிவிடக் கூடாது. உட்காற்று வெளியேற வழியில்லாமல் கண்ணாடிகளில் நீராவி படியும். அதன் சட்டம் வண்டியின் உடலோடு சேரும் ஓரத்தை மட்டும் அடைத்தால் போதும். தகட்டின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் அடைக்கக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும், பழைய பசையை முழுவதும் நீக்கி, துருவைத் தேய்த்து ப்ரைமர் பூசி, நன்றாக உலர்த்தி, வெளிப்புறத்தில் இட வேண்டும். உள்ளிருந்து அடைத்தால் டிக்கி காய்ந்திருக்கும். தண்ணீரோ இரண்டு தகடுகளுக்கு நடுவே நின்று, யார் கண்ணுக்கும் படாமல் அரித்துக்கொண்டிருக்கும்.