உத்யம் பதிவுக்கு ‘அரசு கட்டணம்’ கேட்டா கொடுக்காதீங்க

பாம்பன் பக்கம் கருவாடு போடுற ஒரு அக்காகிட்ட, உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) சான்றுக்கு ‘அரசு கட்டணம்’னு ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 2,500 ரூபாய் வாங்கியிருக்காங்க. பேங்க்ல முத்ரா லோனுக்குக் கேட்டதால அவசரம். கையில வந்தது லேமினேட் பண்ணின அட்டை. அதுல மட்டும் குறை சொல்ல முடியாது.

உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான், ஆதாரோட இணைச்ச மொபைல், பேங்க் கணக்கு விவரம் போதும். எந்தப் பேப்பரும் ஏத்த வேண்டாம். புதுப்பிக்கிற வேலையும் இல்ல. கூகுள்ல தேடினா மேல வர்றது விளம்பரமா இருக்கலாம். தளத்தோட முகவரி ‘கவ் டாட் இன்’னு (gov.in) முடியுதான்னு பாருங்க. டைப் அடிச்சுக் கொடுக்கிறவங்களுக்கு 100, 150 கூலி நியாயம்தான். அதை அரசு கட்டணம்னு சொல்றதுதான் திருட்டு.

பணத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஃபார்ம் உள்ள இருக்கு. சென்டர்காரர் தன்னோட மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுட்டா, பின்னாடி திருத்தப் போகும்போது ஓடிபி அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் அவர்கிட்டயே போய் நிக்கணும். அடுத்தது தொழில் குறியீடு, அதாவது என்ன தொழில்னு காட்டுற நம்பர். மீனை உப்புப் போட்டுக் காயவைக்கிறது உற்பத்தி, 1020-ல வரும். அவசரத்துல 47-னு தொடங்குற சில்லறை வியாபாரத்துல போட்டுட்டா, பேங்க் கடன் முன்னுரிமை மட்டும்தான் மிஞ்சும். உற்பத்திக்குன்னு இருக்கிற மானியத்துக்குப் போனா இடிக்கும்.

அந்த அக்காவுக்குக் கேக்காமலே ஜிஎஸ்டியும் எடுத்துட்டாங்க. உள்ளூர்லயே சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டாத வரைக்கும் அது கட்டாயமில்ல. எடுத்துட்டா, வியாபாரமே இல்லாட்டியும் ரிட்டர்ன் போடணும். விட்டா ஜிஎஸ்டிஆர்-3பி-ங்கிற அந்த ரிட்டர்னுக்கு, வியாபாரம் இல்லாதவங்களுக்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ஆதார் ஓடிபியை வாயால சொல்லிட்டு வந்தவங்க பேர்ல வேற யாரோ போலி பில் போடுறதுக்கும் இப்படி எடுத்த ஜிஎஸ்டி பதிவுதான் வழி.

அதனால ஜிஎஸ்டி தளத்துல ‘சர்ச் பை பான்’ போய் உங்க பான் நம்பரை அடிச்சுப் பாருங்க. தெரியாத பதிவு வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜிஎஸ்டி அலுவலகத்துல எழுத்துல புகார் கொடுங்க, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்க. உங்களுக்கே தெரிஞ்சு எடுத்து, தேவைப்படலைன்னா ரத்து செய்ய விண்ணப்பிக்கலாம்; ரத்தான 3 மாசத்துக்குள்ள ஜிஎஸ்டிஆர்-10-ங்கிற கடைசி ரிட்டர்ன் போட்டாத்தான் கணக்கு முடியும். உத்யம்ல சந்தேகம்னா ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துல காசில்லாமலே கேக்கலாம்.