சிங்கிள் ஃபேஸ் பட்டறையில் திரீ ஃபேஸ் லேத்து: டிரைவ் வாங்கி எட்டு மாதம்

கோவை கணபதியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் பட்டறையில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட் மட்டும்தான். வாங்கிய பழைய நாலரை அடி லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், இருந்ததோ 2 ஹெச்.பி திரீ ஃபேஸ் மோட்டார். மோட்டாரை மாற்றிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மோட்டாரைத் தொடாமல், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி திரீ ஃபேஸாகத் தரும் 2.2 கிலோவாட் டிரைவ் ஒன்றை 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் ஏமாற்றம்தான். கடையிலிருந்து வந்தவர் வயர் கொடுத்து, ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் வெறுமனே நன்றாகத்தான் சுற்றியது. ஒரு மில்லிமீட்டர் வெட்டு கொடுத்ததும் மோட்டார் திணறி நின்றது. டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மூன்று வைண்டிங்கும் ஒரு புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பு அப்படியே இருக்கிறது! நம் ஊரில் 3 ஹெச்.பி வரை மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில்தான் வரும். இந்த டிரைவ் தருவது 230 வோல்ட், அதற்கு வைண்டிங்குகளை முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டா வேண்டும். பித்தளைப் பட்டைகளைக் கழற்றி டெல்டாவுக்கு மாற்றினேன், டிரைவில் மோட்டார் ஆம்பியரையும் திருத்தினேன். அப்புறம் இழுத்த இழுப்பே வேறு.

இந்த டிரைவை நான் நேசிப்பது ஃபேசிங் வேலைக்காக. 150 மில்லி ஃபிளாஞ்ச் (நடுவில் துளையுள்ள வட்டத் தட்டு) ஒன்றை முகம் வெட்டும்போது டூல் வெளி ஓரத்திலிருந்து 60 மில்லி துளைக்கு வருகிறது. நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் வேண்டுமென்றால் ஓரத்தில் 64 சுற்று, துளையருகே 160 சுற்று. முன்பெல்லாம் ஒரே வேகத்தில் வெட்டுவேன். உள்பக்கம் சொரசொரப்பாகக் கிழிந்து வரும். டிரைவ் தரும் கரண்டின் ஹெர்ட்ஸ் ஏற ஏற மோட்டார் வேகமும் ஏறும். இப்போது 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, டூல் உள்ளே போகப்போக குமிழை மெல்லத் திருப்பி 50க்குக் கொண்டுவருகிறேன். வெட்டுச் சத்தம் மாறாமல் இருந்தால் வேகம் சரி. ஃபிளாஞ்ச் முகம் ஓரம் முதல் துளை வரை ஒரே பளபளப்பு.

ஆனால் பெல்ட்டை மறந்துவிடாதீர்கள். 25 ஹெர்ட்ஸில் 2 ஹெச்.பி மோட்டார் 1 ஹெச்.பிதான் தரும். மோட்டாரின் விசிறியும் மெதுவாகிவிடுவதால் சூடும் ஏறும். கனமான வெட்டுக்கு இன்னமும் பெல்ட்டை வேறு புல்லிக்கு மாற்றித்தான் வேகத்தைக் குறைக்கிறேன்.

நிறுத்தும் நேரத்தை முதலில் 1 நொடி வைத்தேன். ஓவர் வோல்ட்டேஜ் என்று டிரைவ் நின்றுவிட்டது. சுற்றுகிற சக்கின் வேகத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. 5 நொடியாக்கினேன், தொந்தரவு இல்லை. என் சக் மரையில் ஏறுவது, சட்டென்று நின்றால் கழன்றுவிடும் என்பதால் அதுவே நல்லது.

ஒரு குறை, விசில் சத்தம். உள்ளே இருக்கும் ஐ.ஜி.பி.டி என்ற மின்னணு ஸ்விட்சுகள் நொடிக்கு 4,000 தடவை ஆன், ஆஃப் ஆகின்றன, அது காதில் விழுகிறது. 10,000க்கு ஏற்றினால் சத்தம் அடங்குகிறது, ஆனால் ஒவ்வொரு ஸ்விட்ச்சிங்கிலும் கொஞ்சம் சக்தி சூடாகப் போவதால் டிரைவ் கொதிக்கிறது. 6,000இல் வைத்திருக்கிறேன். சிலிக்கான் கார்பைடு ஸ்விட்சுகளில் இந்த இழப்பு மிகக் குறைவு. டெஸ்லா மாடல் 3 காரின் இன்வர்ட்டரில் ஏற்கெனவே அவைதான். அது இந்த விலை டிரைவுக்கும் வந்தால் சத்தமும் இருக்காது, பெட்டியும் கையளவு சுருங்கும். ஒரு கவலையும் உண்டு: வேகமான ஸ்விட்ச்சிங் பழைய வைண்டிங்கின் இன்சுலேஷனைப் பதம் பார்க்கும், கேபிள் நீளமானால் இன்னும் மோசம். என் மோட்டார் ரீவைண்டிங் செய்தது, அதனால் கேபிளை 2 மீட்டருக்குள் முடித்துவிட்டேன்.

இரும்புத் தூசி இதற்கு எமன். மூன்றாம் மாதமே கூலிங் ஃபேன் அடைத்து, சூட்டில் நின்றது. இப்போது மூடிய பெட்டியில், லேத்துக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பிரஷ்ஷால் துடைக்கிறேன். அதற்கு முன் மெயினை அணைத்துவிட்டு பத்து நிமிடம் காத்திருப்பேன். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் 325 வோல்ட் டி.சி தங்கியிருக்கும், சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.